மருந்துக் கடை தொடங்க நான்கு வழிகள்: ஆய்வாளர் வந்து நின்றால் எது தாங்கும்?

மெடிக்கல் ஷாப் வைக்க நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது இடம், முதலீடு, எந்த ஸ்டாக்கிஸ்ட் (மொத்த விற்பனையாளர்) கடனுக்குச் சரக்கு தருவார் என்பவற்றைத்தான். எல்லாம் பேசி முடித்த பிறகு, கொஞ்சம் தணிந்த குரலில் ஒரு கேள்வி வரும்: "பார்மசிஸ்ட்டுக்கு என்ன பண்றது?"

இப்படிக் கேட்பவர்கள் பெரும்பாலும் மூன்று ரகம். டி.பார்ம் (பார்மசி டிப்ளமோ) அல்லது பி.பார்ம் (பார்மசி பட்டம்) முடித்துவிட்டு, ஆஸ்பத்திரி மருந்தகத்தில் சம்பளத்துக்கு நிற்பதா, சொந்தக் கடையா என்று யோசிப்பவர்கள் ஒரு ரகம். கையில் பணமும் மெயின் ரோட்டில் ஒரு கடையும் வைத்துக்கொண்டு, மருந்துப் படிப்பு இல்லாதவர்கள் இன்னொரு ரகம். மூன்றாவது ரகம், ஏற்கெனவே கடை நடத்தி, பார்மசிஸ்ட் திடீரென்று விலகிப் போனதால் திண்டாடுகிறவர்கள்.

மூவருக்கும் முன்னால் இருக்கும் வழிகள் நான்குதான். பார்மசிஸ்ட்டே முதலாளியாக இருப்பது, சம்பளத்துக்குப் பார்மசிஸ்ட் வைப்பது, பார்மசிஸ்ட்டைப் பங்காளியாகச் சேர்ப்பது, அரசுத் திட்டக் கடையோ செயின் கடையின் கிளையோ எடுப்பது. ஊரில் ரகசியமாகப் பேசப்படும் ஐந்தாவது வழி ஒன்று உண்டு: சர்டிபிகேட்டை மட்டும் மாத வாடகைக்கு வாங்கிச் சுவரில் மாட்டுவது. அது இந்த ஒப்பீட்டில் ஏன் இல்லை என்பதையும் சொல்கிறேன்.

என் கருத்தை முன்னாலேயே வைத்துவிடுகிறேன். இந்தத் தொழிலில் தப்பாகப் போடப்படும் கணக்கு வாடகையோ சரக்கோ அல்ல, கடை திறந்திருக்கும் மணிக்கணக்கு. அத்தனை மணி நேரமும் கவுன்ட்டருக்குப் பின்னால் தகுதியுள்ளவர் நிற்பாரா என்று கேட்டுப் பார்த்தால் நான்கு வழிகளின் நிறமும் தெரிந்துவிடும்.

## எதை வைத்து எடை போடுவது

மேற்பார்வை. டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுப்பது பதிவு பெற்ற பார்மசிஸ்ட்டால், அல்லது அவருடைய நேரடி மேற்பார்வையில் மட்டுமே நடக்க வேண்டும். 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளில் 65-ஆவது விதி இதைச் சொல்கிறது. 1948-ஆம் ஆண்டு பார்மசி சட்டத்தின் 42-ஆவது பிரிவும் இதையே வேறு பக்கத்திலிருந்து சொல்கிறது: பதிவு பெறாதவர் சீட்டு மருந்து கொடுப்பதே குற்றம். பார்மசிஸ்ட் டீ குடிக்கப் போன பத்து நிமிடத்துக்குத் தனிச் சலுகை எதுவும் இல்லை.

காலை 8 முதல் இரவு 10 வரை, வாரம் முழுக்கத் திறந்திருக்கும் கடை என்றால் 98 மணி நேரம். தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டப்படி ஊழியருக்கு வாரம் 48 மணி நேரம். இரண்டு பார்மசிஸ்ட் வைத்தாலும் 96தான். சராசரி மெடிக்கல் ஷாப்பின் போர்டில் எழுதியிருக்கும் நேரத்தை இரண்டு முழுநேர பார்மசிஸ்ட்டாலும் நிரப்ப முடியாது என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏடுகள். ஷெட்யூல் எச்1, அதாவது கூடுதல் கட்டுப்பாடுள்ள சீட்டு மருந்துகளின் பட்டியல், இதில் உள்ளவற்றுக்குத் தனிப் பதிவேடு வேண்டும். சில ஆன்டிபயாட்டிக், காசநோய் மருந்துகள், அல்பிரசோலம், டிரமடால் போன்றவை இந்தப் பட்டியலில் வரும். 2014 மார்ச் முதல் இது நடைமுறையில் இருக்கிறது. எழுதிய டாக்டரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்து, கொடுத்த அளவு ஆகியவற்றை எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். மற்ற ஏடுகளுக்குக் கடைசிப் பதிவிலிருந்து இரண்டு ஆண்டுகள். கொள்முதல் பில்லுக்கு நீங்களே வரிசை எண் போட்டுத் தேதி வாரியாக அடுக்க வேண்டும். சீட்டு மருந்துக்கான விற்பனைப் பில்லில் பேட்ச் எண், காலாவதித் தேதி, தகுதியுள்ளவரின் கையெழுத்து எல்லாம் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்ன கையெழுத்தைக் கவனியுங்கள். பார்மசிஸ்ட் கடையில் இருந்தாரா என்பதற்கான சாட்சியை உங்கள் கடையே தினமும் தயாரித்துக்கொண்டிருக்கிறது.

சேமிப்பு. இன்சுலின், தடுப்பூசி, சில கண் சொட்டு மருந்துகள் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். மற்றவற்றின் அட்டையிலும் 25 அல்லது 30 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்லியிருக்கும். வேலூரிலோ கரூரிலோ மே மாத மதியத்தில் ஷட்டர் மேல் வெயில் விழும் கடைக்குள் என்ன இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பழைய வீட்டு ஃபிரிட்ஜைக் கடைக்குக் கொண்டுவருவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஐஸ் பெட்டியை ஒட்டி வைத்த இன்சுலின் உறைந்தால், அப்புறம் இளக்கினாலும் பயன் இல்லை. பார்வைக்கு நன்றாகவே இருக்கும்.

பொறுப்பு. தரமற்ற மருந்து உங்கள் கடையில் எடுத்த மாதிரியில் பிடிபட்டால் என்ன ஆகும்? புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் இதைக் கேட்பதே இல்லை. நான்கு வழிகளையும் உரசிப் பார்க்க வேண்டிய இடம் இது என்பதால் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

விலகும் செலவு. பார்மசிஸ்ட் மாறினால் ஒரு மாதத்துக்குள் உரிமம் தரும் அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். நிறுவனத்தின் அமைப்பே மாறினால், அதாவது பங்காளி வந்தாலோ போனாலோ, பழைய உரிமம் அதிகபட்சம் மூன்று மாதம்தான் ஓடும். அதற்குள் புது உரிமம் வாங்கியாக வேண்டும்.

## மாதிரி எடுத்தால் நடப்பது

மருந்து ஆய்வாளர், கடைக்காரர்கள் பேச்சில் 'டி.ஐ.', மருந்து, அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் 22-ஆவது பிரிவின்படி வருகிறார். சோதனை போடலாம், ஏடுகளைக் கேட்கலாம், சந்தேகமான சரக்கை 20 நாள் வரை விற்காதே என்று உத்தரவிடலாம், மாதிரி எடுக்கலாம். மாதிரிக்கு உரிய விலை கொடுத்து, அதை நான்கு பங்காகப் பிரித்து, சீல் வைத்து, ஒரு பங்கை உங்களிடமே தந்துவிடுவார். ஒன்று அரசுப் பகுப்பாய்வாளருக்குப் போகும். ஒன்று நீதிமன்றத்துக்காக இருக்கும். இன்னொன்று, நீங்கள் யாரிடம் வாங்கினீர்களோ அந்தத் தடம் பிடித்துத் தயாரிப்பாளர் வரை போகும்.

மாதிரி தேறவில்லை என்று அறிக்கை வந்தால் கடைக்காரருக்கு இருக்கும் கவசம் அதே சட்டத்தின் 19-ஆவது பிரிவு, மூன்றாவது உட்பிரிவு. அதன் பாதுகாப்பு வேண்டுமானால் மூன்றையும் நிரூபிக்க வேண்டும். உரிமம் உள்ளவரிடம்தான் மருந்தை வாங்கினேன். அதில் குறை இருப்பது எனக்குத் தெரியாது, நியாயமான கவனத்தோடு பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது. என்னிடம் இருந்தவரை அதை முறையாகச் சேமித்தேன், வாங்கியபோது இருந்த நிலையிலேயே இருந்தது.

முதலாவதற்குச் சாட்சி கொள்முதல் பில். மூன்றாவதற்குச் சாட்சி வெப்பநிலைக் குறிப்பு. "தெரிந்த பையன் பைக்கில் கொண்டுவந்து குறைந்த விலைக்குக் கொடுத்தான், பில் இல்லை" என்றால் கவசம் அங்கேயே கழன்று விழுந்தது. நிறைய பேர் ஏடு எழுதுவதை டி.ஐ.-க்காகச் செய்யும் சடங்கு என்றே நினைக்கிறார்கள். அது உங்களுக்காக நீங்கள் எழுதிக்கொள்ளும் வாக்குமூலம்.

2025 அக்டோபர் தொடக்கத்தில் நடந்ததை எல்லோரும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் தயாரான கோல்ட்ரிஃப் இருமல் மருந்தின் எஸ்ஆர்-13 பேட்ச்சில் டை எத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுப் பொருள் இருப்பதைத் தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கண்டுபிடித்தது. மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாராவில் அதைக் குடித்த குழந்தைகள் இறந்தார்கள். அந்த மாதிரி நாளில் ஒரு சின்னக் கடைக்கு வரும் கேள்வி ரொம்ப எளிமையானது: இந்தப் பேட்ச் உங்களுக்கு வந்ததா, எத்தனை பாட்டில், யாருக்குப் போனது? பேட்ச் எண்ணோடு பில் போட்ட கடை ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லி, வாங்கியவருக்குப் போன் செய்துவிடும். துண்டுச் சீட்டில் கூட்டல் போட்டு விற்ற கடை என்ன செய்யும்?

சரி, இனி ஒவ்வொரு வழியாக வருவோம்.

## வழி 1: பார்மசிஸ்ட்டே முதலாளி

ஆய்வு என்ற ஒரே கோணத்தில் பார்த்தால் இதுதான் முதலிடம். கையெழுத்துப் போடுகிறவர், மருந்து வாங்குகிறவர், தவறு நடந்தால் பதில் சொல்கிறவர் எல்லாம் ஒருவரே. ஊழியர் நேரச் சட்டம் முதலாளியைக் கட்டாது என்பதால் 98 மணிக்கணக்கில் பெரும்பகுதியை அவரே நிரப்பலாம். பார்மசிஸ்ட் விலகிப் போய்விடுவாரோ என்ற பயமும் இல்லை.

மறைந்திருக்கும் செலவு அவருடைய உடம்பும் குடும்பமும். கல்யாணம், காய்ச்சல், பிரசவம், தேர்வு எழுதும் பிள்ளை, எதுவாக இருந்தாலும் அவர் நகர்ந்தால் சீட்டு மருந்து விற்பனை நிற்க வேண்டும். நடைமுறையில் தம்பியோ கணவரோ மனைவியோ "ரெண்டு மணி நேரம்தானே" என்று கவுன்ட்டரில் நிற்பார்கள். அந்த இரண்டு மணி நேரத்தில்தான் ஆய்வு வரும் என்பது தொழிலில் எல்லோரும் சொல்லிச் சிரிக்கும் சங்கதி. சிரிப்புக்குப் பின்னால், விளக்கம் கேட்டு வரும் ஷோகாஸ் நோட்டீஸ் இருக்கிறது.

இதற்கு நேர்மையான தீர்வு நேரத்தைக் குறைப்பது. காலை 9 முதல் 1, மாலை 5 முதல் 9, ஞாயிறு விடுமுறை என்றால் வாரம் சரியாக 48 மணி நேரம். கிளினிக் அருகில் இருக்கும் கடைக்கு இந்த எட்டு மணி நேரத்தில்தான் பெரும்பாலான சீட்டுகள் வரும். பஸ் ஸ்டாண்டு எதிரில் இருக்கும் கடைக்கு இது பொருந்தாது, அங்கே இரவு வியாபாரம்தான் வியாபாரம். பார்மசிஸ்ட் இல்லாத நேரத்தில் திறந்துதான் ஆக வேண்டும் என்றால், பஞ்சு, பேண்டேஜ், டயப்பர், சோப்பு விற்கலாம். சீட்டு மருந்து இப்போது இல்லை என்று போர்டு வைத்துவிட்டு, அந்த அலமாரிப் பக்கம் யாரும் போகக் கூடாது. இந்தக் கட்டுப்பாடு சொல்வதற்கு எளிது. தெரிந்த பாட்டி பிரஷர் மாத்திரை கேட்டு நிற்கும்போது கடைப்பிடிப்பதுதான் கடினம்.

யாருக்கு ஏற்றது: படிப்பும் பொறுமையும் இருந்து, முதல் குறைவாக இருப்பவர்களுக்கு. கணவன் மனைவி இருவருமே பார்மசிஸ்ட் என்றால் யோசிக்கவே வேண்டாம்.

## வழி 2: சம்பளத்துக்குப் பார்மசிஸ்ட்

முதல் போடுகிறவருக்குப் படிப்பு இல்லாதபோது இயல்பாகத் தோன்றும் வழி. சட்டத்தில் எந்தத் தடையும் இல்லை. சிக்கல் எல்லாம் கணக்கில்தான்.

விலைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்துகளுக்குச் சில்லறைக் கடைக்காரர் லாபம், அவர் வாங்கும் விலையின் மேல் 16 சதவீதம். விற்பனை விலையில் பார்த்தால் அது 14-ஐக்கூடத் தொடாது. பட்டியலில் இல்லாதவற்றுக்கு வழக்கத்தில் 20 சதவீதம். இரண்டும் கலந்து எம்.ஆர்.பி.-யில் 16 நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பார்மசிஸ்ட்டுக்கு உதாரணத்துக்கு 18,000 ரூபாய் சம்பளம் என்றால், அந்த ஒருவரின் சம்பளத்துக்கு மட்டும் மாதம் 1,12,500 ரூபாய்க்கு விற்க வேண்டும்.

இப்போது எதிர்க்கடை பத்து சதவீதத் தள்ளுபடி போர்டு வைக்கிறது, நீங்களும் வைக்கிறீர்கள். நூறு ரூபாய் மருந்தில் உங்களுக்கு நின்ற 16 இப்போது 6. அதே சம்பளத்துக்கு மூன்று லட்சம் ரூபாய் எம்.ஆர்.பி. மதிப்புள்ள சரக்கு போக வேண்டும். இரண்டாவது பார்மசிஸ்ட் என்றால் ஆறு லட்சம். வாடகை, கரன்ட், சேல்ஸ்மேன், வட்டி எல்லாம் இதற்கு மேல். "ஃபுல்டைம் பார்மசிஸ்ட் கட்டுப்படியாகாது" என்று கடைக்காரர்கள் சொல்வதில் பாதிக்கு மேல் உண்மையில் தள்ளுபடியின் விலை.

இன்னொரு மறைமுகச் செலவு, ஆள் மாறும் இடைவெளி. பார்மசிஸ்ட்டுக்கு நல்ல வேலை கிடைத்து ஒரு வார நோட்டீஸில் போனால், அடுத்தவர் வந்து கவுன்ட்டரில் நிற்கும் வரை சீட்டு மருந்து விற்கக் கூடாது. அந்த நாட்களில் வாடகை மட்டும் ஓடும். போனவரின் சர்டிபிகேட்டைச் சுவரில் அப்படியே விட்டுவைக்கிற பழக்கம் இருக்கிறது. அவரே துறைக்குக் கடிதம் எழுதிவிட்டுப் போயிருந்தால், உங்கள் பில்லில் வேறு யாரோ போட்ட கையெழுத்துக்கு நீங்கள்தான் விளக்கம் சொல்ல வேண்டும்.

வேலைக்கு எடுக்கும்போது பார்க்க வேண்டியவை: தமிழ்நாடு பார்மசி கவுன்சில் பதிவு செல்லுபடியாகிறதா, வேறு கடையில் அவர் பெயர் இன்னும் ஓடுகிறதா, முந்தைய கடையிலிருந்து விலகல் கடிதம் இருக்கிறதா. ஒரு மாத நோட்டீஸை எழுத்தில் வாங்குங்கள். எதை வாங்குவது, எதைக் கொடுக்க முடியாது என்பதில் அவர் சொல்லுக்கு மதிப்பு இருக்க வேண்டும். சீட்டு இல்லாமல் டாபென்டடால் என்ற வலி மாத்திரை கேட்டு இளைஞர்கள் வந்து நிற்கும்போது "முடியாது" என்று சொன்ன பார்மசிஸ்ட்டை, "கஸ்டமரை விரட்டாதே" என்று திட்டும் முதலாளி தன் உரிமத்தின்மேல்தான் கல் எறிகிறார். இப்படிப்பட்ட மருந்துகள் போதைக்குப் போவதைத் தடுக்கப் பல மாவட்டங்களில் ஆட்சியர்கள் மருந்துக் கடைகளில் சிசிடிவி பொருத்த உத்தரவிட்டிருக்கிறார்கள். கேமராவில் பார்மசிஸ்ட் இல்லாத கவுன்ட்டரும் பதிவாகும் என்பதை மறக்க வேண்டாம்.

யாருக்கு ஏற்றது: ஆஸ்பத்திரி வாசல், பெரிய கிளினிக் வரிசை போல விற்பனை உறுதியான இடம் வைத்திருப்பவர்களுக்கு. தெருவுக்குள் இருக்கும் சின்னக் கடைக்கு, அதுவும் தள்ளுபடிப் போட்டி உள்ள தெருவுக்கு, நான் இதைச் சொல்ல மாட்டேன்.

## வாடகைச் சர்டிபிகேட் பற்றி

வழி 2-இன் கணக்கைப் பார்த்து மிரண்டவர்கள்தான் இந்தப் பக்கம் சாய்கிறார்கள். மாதம் சில ஆயிரம் கொடுத்தால் போதும், ஆள் வர வேண்டாம், ஆய்வு என்றால் போன் செய்தால் ஓடி வருவார் என்பது ஏற்பாடு.

இது சட்டவிரோதம் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது, இது மலிவும் இல்லை என்பது. பார்மசிஸ்ட் இல்லாமல் சீட்டு மருந்து விற்றது தெரிந்தால் 66-ஆவது விதியின்படி உரிமத்தை நிறுத்தி வைக்கலாம், ரத்தும் செய்யலாம். ரத்தான பிறகும் விற்றால் அது உரிமம் இல்லாத விற்பனை. அதற்குத் தண்டனை மூன்று ஆண்டுகளுக்குக் குறையாத சிறை. சர்டிபிகேட் கொடுத்தவருக்கும் ஆபத்து உண்டு. தொழில் ஒழுக்கக் கேடு என்று கவுன்சில் தன் பதிவேட்டிலிருந்து அவர் பெயரை நீக்க முடியும். இரண்டு வருடம் டி.பார்ம் அல்லது நான்கு வருடம் பி.பார்ம் படித்ததை மாதச் சில்லறைக்கு அடகு வைப்பது அது.

இதெல்லாம் பிடிபட்டால் நடப்பது. பிடிபடாமலே நடப்பது வேறு. டாக்டர் கிறுக்கலில் ஒரே மாதிரி தெரியும் இரண்டு பெயர்களில் எது என்று குழம்பி, சேல்ஸ்மேன் ஒன்றை எடுத்துக் கொடுப்பார். ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு வலி மாத்திரை போகும். கவுன்ட்டரில் படித்த ஆள் வேண்டும் என்று விதி கேட்பது இதற்காகத்தான்.

## வழி 3: பார்மசிஸ்ட்டைப் பங்காளியாக்குவது

ஒருவர் பணம், ஒருவர் படிப்பு. பேசிப் பார்க்கும்போது ரொம்ப அழகாக இருக்கும். லாபத்தில் பங்கு இருப்பதால் பார்மசிஸ்ட் திடீரென்று விலக மாட்டார், ஏடுகளையும் தன் சொத்துபோலப் பார்ப்பார். மாதச் சம்பளச் சுமை குறைவதால் முதல் வருடத்தைத் தாண்டுவது சுலபம்.

ஆனால் பிரிந்தால் செலவு அதிகம். பங்காளி விலகுவது நிறுவன அமைப்பு மாற்றம். மேலே சொன்ன மூன்று மாதக் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். புதுப் பத்திரம், புது விண்ணப்பம், புது ஆய்வு, ஜி.எஸ்.டி., வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் திருத்தம். சம்பளக்காரர் போனால் ஒரு கடிதத்தில் முடிவது, இங்கே ஒரு பருவ வேலையாகிவிடும்.

பணம் மட்டும் போட்ட பங்காளி "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று சொல்லித் தப்பிக்கலாமா? மருந்து, அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் 34-ஆவது பிரிவு நிறுவனங்களின் குற்றத்தைப் பற்றிப் பேசுகிறது. கூட்டு நிறுவனமும் அதில் அடங்கும். தொழிலை நடத்தும் பொறுப்பில் இருந்தவர் பதில் சொல்ல வேண்டும். தனக்குத் தெரியாமல் நடந்தது, தடுக்க முயன்றேன் என்பதை அவர்தான் காட்ட வேண்டும். எனவே யார் கொள்முதல், யார் ஏடு, யார் எந்த நேரம் கவுன்ட்டர் என்பதைப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். விலகுவதற்கு மூன்று மாத நோட்டீஸ் என்று போட்டால் உரிமத்தின் கடிகாரத்தோடு அது ஒத்துப்போகும்.

அண்ணன் தம்பி, மாமா மருமகன் என்று சொந்தத்துக்குள் பத்திரம் இல்லாமல் சேர்வது நம் ஊர் வழக்கம். உரிமம் ஒருவர் பெயரில், பணம் இன்னொருவருடையது, கணக்கு மூன்றாமவர் கையில். சண்டை வந்தால் உரிமம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் கடை. எல்லா வழக்கும் அவர் பெயரில்தான் என்பது இதன் மறுபக்கம்.

## வழி 4: அரசுத் திட்டம் அல்லது செயின் கிளை

தனியார் செயின் கிளையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெயர்ப் பலகை, பில்லிங் மென்பொருள், கொள்முதல் எல்லாம் அவர்களுடையது என்பதால் பேட்ச் கணக்கும் காலாவதிக் கணக்கும் ஒழுங்காக இருக்கும். ராயல்ட்டி போகும். உரிமம் யார் பெயரில் என்பதை மட்டும் ஒப்பந்தத்தில் இரண்டு முறை படியுங்கள். உங்கள் பெயரில் என்றால் ஆய்வில் நிற்பவர் நீங்கள்தான், பலகையில் யார் பெயர் இருந்தாலும்.

அரசுத் திட்டத்தில் இரண்டு இருக்கின்றன. மத்திய அரசின் மக்கள் மருந்தகத்துக்கு 120 சதுர அடி இடமும், டி.பார்ம் அல்லது பி.பார்ம் படித்தவரும் வேண்டும். விற்பனை விலையில் 20 சதவீதம் லாபம், அதற்கு மேல் கொள்முதலைப் பொறுத்து ஊக்கத்தொகை. தமிழக அரசின் முதல்வர் மருந்தகம் 2025 பிப்ரவரி 24 அன்று 1,000 கடைகளோடு தொடங்கியது. பார்மசி படித்த தொழில்முனைவோருக்கு 3 லட்சம் ரூபாய் மானியம் என்பது அதன் அமைப்பு. வழி 1-க்குத் தகுதி இருந்து முதல் இல்லாதவருக்கு இது நல்ல கைத்தாங்கல்.

கொள்முதல் ஒரே இடத்திலிருந்து வருவதால் 19-ஆவது பிரிவின் முதல் நிபந்தனை தானாக நிறைவேறுகிறது. போலி, பில் இல்லாச் சரக்கு என்ற தொல்லை கிட்டத்தட்ட இல்லை. பெரிய நிம்மதி.

மறைந்திருப்பவை இரண்டு. முதலாவது, சதவீதம் பெரிதாக இருந்தாலும் ரூபாய் சிறிது. நூறு ரூபாய் பிராண்டு மாத்திரையில் 16 நிற்கிற இடத்தில், மூலப்பொருள் பெயரில் விற்கும் இருபது ரூபாய் ஜெனரிக்கில் 4 நிற்கும். பார்மசிஸ்ட்டின் நேரச் செலவு மட்டும் குறையாது. அதனால் பார்மசிஸ்ட்டே உரிமையாளராக நிற்காமல், ஆள் வைத்து இந்தக் கடையை நடத்துவது சிரமம்.

இரண்டாவதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. டாக்டர் பிராண்டு பெயரில் எழுதிய ஷெட்யூல் எச் மருந்துக்கு (சீட்டுக்கு மட்டுமே விற்க வேண்டிய மருந்து) பதிலாக, அதே மூலப்பொருள் உள்ள வேறு தயாரிப்பைக் கடைக்காரர் தன்னிச்சையாகக் கொடுக்கக் கூடாது என்பது 65-ஆவது விதியின் இன்னொரு பகுதி. ஜெனரிக் கடைக்கு வருகிறவர்களில் பலர் கையில் இருப்பது பிராண்டு பெயர் எழுதிய சீட்டுதான். நோயாளியிடம் சொல்லிவிட்டு மாற்றிக் கொடுப்பதுதான் நாடு முழுக்க நடக்கிறது. விதி அப்படியே இருக்கிறது. அரசே ஜெனரிக்கை ஊக்குவித்துக்கொண்டு இந்த வரியைத் திருத்தாமல் வைத்திருப்பது எனக்கு விளங்கவில்லை. உங்கள் பகுதி டாக்டர்களைச் சந்தித்து மூலப்பொருள் பெயரையும் சேர்த்து எழுதக் கேட்பதுதான் இப்போதைக்குப் பாதுகாப்பு.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | பார்மசிஸ்ட் முதலாளி | சம்பளப் பார்மசிஸ்ட் | பங்காளி | திட்டம் / செயின் |
|---|---|---|---|---|
| மேற்பார்வை நேரம் | நீளம், ஆனால் ஓய்வில்லை | ஆளுக்கு வாரம் 48 மணி | பத்திரத்தில் எழுதியபடி | யார் நிற்கிறார் என்பதைப் பொறுத்து |
| ஏடுகள் | தன் கையில் | முதலாளி கவனித்தால்தான் | பொதுவாக நன்று | மென்பொருள் துணை உண்டு |
| கொள்முதல் தடம் | உங்கள் ஒழுக்கம் | உங்கள் ஒழுக்கம் | இருவரும் ஒத்துப்போனால் | வலுவானது |
| மறைமுகச் செலவு | உடம்பு, குடும்பம் | ஆள் மாறும் இடைவெளி | பிரிவு | குறைந்த ரூபாய் லாபம் அல்லது ராயல்ட்டி |
| விலகும் சிரமம் | குறைவு | குறைவு, ஒரு கடிதம் | அதிகம் | ஒப்பந்தத்தைப் பொறுத்து |

## அட்வான்ஸ் கொடுக்கும் முன்

எந்த வழியானாலும் பொதுவானவை சில. சில்லறைக் கடைக்கு உள் அளவு 10 சதுர மீட்டர், அதாவது சுமார் 108 சதுர அடிக்குக் குறையக் கூடாது. மொத்த வியாபாரமும் சேர்த்து என்றால் 15 சதுர மீட்டர். மாடிப்படி, சுவர்த் தடிமன் எல்லாம் போக அளந்து பாருங்கள். வாடகை ஒப்பந்தத்திலும் வரி ரசீதிலும் கதவு எண் ஒன்றாக இருக்க வேண்டும். பழைய எண், புது எண் குழப்பத்தில் மாதக்கணக்கில் நிற்கும் விண்ணப்பங்கள் உண்டு.

காலாவதிச் சரக்குக்குத் தனி அட்டைப்பெட்டி வைத்து, மேலே 'விற்பனைக்கு அல்ல' என்று பெரிதாக எழுதி, ரிட்டர்ன் போகும்வரை விற்பனை அலமாரியிலிருந்து தள்ளி வையுங்கள். ஆய்வில் அடிக்கடி சிக்குவது அலமாரியின் பின்வரிசையில் மறந்துபோன ஒரே ஒரு ஸ்ட்ரிப்தான். டாக்டர்களுக்கு வரும் இலவச சாம்பிள், அரசு ஆஸ்பத்திரி முத்திரை போட்ட மருந்து, இ.எஸ்.ஐ. மருந்து இவற்றில் எதுவும் கடைக்குள் இருக்கவே கூடாது. விற்கவில்லை, சும்மா வைத்திருந்தேன் என்பது பதில் ஆகாது, வைத்திருப்பதே மீறல். சத்து மாவு, புரோட்டீன் பவுடர் விற்பதாக இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு தனியாக வேண்டும்.

உரிமத்துக்கு இப்போது பழைய மாதிரிப் புதுப்பிப்பு கிடையாது. 2017-இல் விதியை மாற்றி, ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை உரிமத் தக்கவைப்புக் கட்டணம் கட்டினால் போதும் என்றார்கள். வசதிதான். ஆனால் நினைவூட்டப் புதுச் சான்றிதழ் எதுவும் வராது என்பதால் தேதியைத் தவறவிட்ட கடைகள் இருக்கின்றன. உரிமம் கையில் வந்த அன்றே, ஐந்தாவது ஆண்டு முடிய ஆறு மாதம் இருக்கும் தேதியைக் குறித்து, கல்லாவுக்கு மேலே ஒட்டிவிடுங்கள். படிவம் 35 எனப்படும் ஆய்வுப் புத்தகத்தையும் அன்றே வாங்கி வையுங்கள். ஆய்வாளர் குறைகளை அதில்தான் எழுதுவார், அடுத்த முறை வருகிறவர் முதலில் புரட்டுவதும் அதே பக்கத்தைத்தான்.